பழைய லேப் ஸ்டீல் கிட்டாருக்கு உயிர் கொடுப்பது எப்படி: கோவைப் பட்டறையிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

போத்தனூர் ரயில்வே காலனிப் பக்கம் ஒரு வீட்டில், அலமாரிக்கு மேலே பழைய போர்வையில் சுற்றி வைத்திருந்தார்கள். பிரித்தால் குட்டைத் துடுப்பு மாதிரி ஒரு பலகை, மேலே முத்துப் போல மினுக்கும் மஞ்சளேறிய தாள், சுருதி கூட்டும் ஆறு சாவியில் நாலுக்குத்தான் குமிழ். "இதுல நாலு ஆணி அடிச்சு வாசல்ல மாட்டினா, சாவிக்கொத்து தொங்கவிட ஆகும்னு இருந்தோம் தம்பி" என்றார் வீட்டுக்காரம்மா. நல்லவேளை, ஆணி கைக்குக் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

அதை வாசிக்கிற நிலைக்குக் கொண்டுவர எனக்கு நாலு மாதம் ஆனது. அதில் மூன்று மாதம் நானே செய்த தப்புகளைச் சரிசெய்யப் போனது. உங்களுக்கு ஒரு மாதம் போதும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வகைக் கிட்டாரில் கெட்டுப்போவது கொஞ்சம்தான். புதுப்பிக்கிறேன் என்று இறங்கி நாம் கெடுப்பதுதான் அதிகம்.

கையில் இருப்பது என்ன?

கிட்டாரை மடியில் படுக்க வைத்து, இரும்புக் கட்டையைத் தந்திமேல் வழுக்கி வாசிக்கும் முறை ஹவாய்த் தீவில் பிறந்தது. ஜோசப் கெகுகு என்ற பையன் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதை வளர்த்தெடுத்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. நமக்கு இது அந்நியமான யோசனையே இல்லை. கோட்டுவாத்தியத்தை மெட்டே (வீணையில் ஸ்வரத்துக்கு ஒன்றாகப் பதித்திருக்கும் உலோகக் கட்டை) இல்லாமல் கட்டையால் வாசிப்பதைப் பார்த்தவர்களுக்கு லேப் ஸ்டீல் அதன் ஒன்றுவிட்ட தம்பி மாதிரித்தான் தெரியும்.

மின்சாரக் கிட்டாரின் கதையே இந்தப் படுக்கைக் கிட்டாரில்தான் தொடங்குகிறது. ஜார்ஜ் போஷாம்ப் வடிவமைத்து, அடால்ஃப் ரிக்கன்பேக்கரோடு சேர்ந்து 1932இல் விற்பனைக்குக் கொண்டுவந்த அலுமினிய வார்ப்புக் கிட்டார் பார்க்க வாணலி போலவே இருக்கும். 'ஃபிரையிங் பேன்' என்ற பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். காப்புரிமைக்கு 1934இல் மனு போட்டும், கிடைத்தது 1937இல். இந்தியாவில் செய்த முதல் மின் மோட்டார் கோவையில் உருவானதும் அதே 1937. இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் இரண்டுமே காந்தமும் செம்பு ஒயர்ச் சுற்றும் சேர்ந்து செய்கிற வேலை. தந்திக்குக் கீழே இருக்கும் காந்தமும் ஒயர்ச் சுற்றும் சேர்ந்த பாகம்தான் பிக்கப். அதில் தந்தி ஆடும்போது காந்தப் புலம் அசைந்து, காயில் என்கிற அந்தச் சுற்றில் மின்சாரம் பிறக்கிறது. மோட்டாரில் நடப்பதற்கு நேர் தலைகீழ். மோட்டார் ஊர்க்காரனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

அப்புறம் ரிக்கன்பேக்கர் பேக்கலைட்டில் உடம்பு செய்தார்கள். கிப்ஸன் கம்பெனியின் இ.எச்.-150 மாடல் வந்தது. சிகாகோவில் வால்கோ நிறுவனம் சுப்ரோ, நேஷனல் என்ற பெயர்களில் ஆயிரக்கணக்கில் செய்து தள்ளியது. விக்டர், ஆல், லூயி என்ற மூன்று பங்குதாரர்களின் முதலெழுத்தோடு 'கோ' சேர்ந்து வால்கோ ஆனது. என் போத்தனூர் பலகை அந்த வம்சம்.

நம் நாட்டுக்கு இந்த இசை கல்கத்தா வழியாக வந்தது. ஹவாய்க் கலைஞர் டாவ் மோ 1940களில் குடும்பத்தோடு அங்கே தங்கி வாசித்தார், கற்றுக்கொடுத்தார். வான் ஷிப்லி, சுனில் கங்குலி வாசித்த சினிமாப் பாட்டு இசைத்தட்டுகளை உங்கள் அப்பாவோ பெரியப்பாவோ கேட்டிருப்பார்கள். அதனால் இங்கே பழைய சாமான் கடையில் 'ஹவாயன் கிட்டார்' என்று ஒன்று கண்ணில் பட்டால், அது அமெரிக்காவில் செய்ததைவிடக் கல்கத்தாவில் செய்ததாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதற்காக ஒதுக்காதீர்கள். கீழே சொல்வது எல்லாம் அதற்கும் பொருந்தும்.

வாங்கும் முன்

அழுக்கு, துரு, உடைந்த குமிழ், உரிந்த தாள், கரகரக்கும் வால்யூம் கன்ட்ரோல் எல்லாம் சரிசெய்யக் கூடியவை. விலை குறைத்துக் கேட்க உதவும் காரணங்கள், அவ்வளவே. பயப்பட வேண்டியவை வேறு.

முதலில் நீளவாக்கில் கண்ணருகே வைத்து உடம்பைப் பாருங்கள். லேப் ஸ்டீலுக்கு மெட்டு கிடையாது, பலகையில் வரைந்த கோடுகள் மட்டுமே. தந்தி பலகையிலிருந்து 9, 10 மி.மீ. உயரத்தில் ஓடும். ஆகவே சின்ன வளைவு பாதகமில்லை. ஆனால் முறுக்கிக்கொண்ட உடம்பில் இரும்புக் கட்டை எல்லாத் தந்தியிலும் ஒன்றாக உட்காராது. அதை விட்டுவிடுங்கள். மர உடம்பை விரலால் தட்டி, கீழே வெள்ளைத் தாளை விரித்துப் பாருங்கள். மாவு கொட்டினால் உளுத்திருக்கிறது. பேக்கலைட் உடம்பில் முடிபோன்ற விரிசலைத் தேடுங்கள், அது கண்ணாடி மாதிரி நொறுங்கும் சாமான்.

நட்டிலிருந்து (சாவிப் பக்கம் தந்தி ஏறி உட்காரும் கட்டை) 12ஆவது கோடு வரை அளந்து, அதை இரட்டிப்பாக்குங்கள். மறுமுனையில் தந்தியைத் தாங்கும் பிரிட்ஜ் வரையுள்ள நீளமும் அதுவும் ஒன்றாக வர வேண்டும். வராவிட்டால் யாரோ பிரிட்ஜை நகர்த்தியிருக்கிறார்கள். பழைய திருகு ஓட்டை பக்கத்திலேயே இருக்கும்.

கடைசியாக மல்டிமீட்டர். ஒரு கேபிளை ஜாக்கில் செருகி, வால்யூமை முழுக்கத் திறந்து, 20 கிலோ ஓம் வரம்பில் கேபிளின் மறுமுனையில் வையுங்கள். 4 முதல் 8 கிலோ ஓமுக்குள் வந்தால் காயில் உயிரோடு இருக்கிறது. குதிரைலாட வடிவக் காந்தம் கொண்ட பழைய ரிக்கன்பேக்கரில் ஒயர் தடிமன் என்பதால் இன்னும் குறைவாக வரும், பதற வேண்டாம். எதுவுமே காட்டாவிட்டால் காயில் போயிருக்கலாம், ஜாக் போயிருக்கலாம், கேபிளே போயிருக்கலாம். பத்தில் பாதி நேரம் கேபிள்தான்.

முதல் நாள்: போட்டோ எடுங்கள், வேறெதுவும் வேண்டாம்

ஒவ்வொரு திருகும் எங்கே இருந்தது, எந்த ஒயர் எங்கே போகிறது என்று செல்போனில் எடுத்து வையுங்கள். கழற்றிய திருகுகளை முட்டை அட்டையில் குழிக்கு ஒன்றாகப் போட்டு எண் எழுதுங்கள். நாமக்கல் பக்கம் வீடு என்றால் அட்டைக்குப் பஞ்சமே இல்லை. அமெரிக்கச் சாமானின் மரைகள் அங்குலக் கணக்கு. தொலைத்துவிட்டு மில்லிமீட்டர் திருகை முடுக்கினால் மரை போய்விடும். வராத திருகுக்கு ஒரு சொட்டு துரு எண்ணெய் விட்டு, ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். மரத்தில் ஓட்டை தளர்ந்திருந்தால் தீக்குச்சியில் ஃபெவிகால் தடவிச் செருகி, காய்ந்தபின் முடுக்கினால் இறுகப் பிடிக்கும்.

உள்ளே வால்யூம் கன்ட்ரோலின் முதுகைத் துடைத்துப் பாருங்கள். எண்கள் பொறித்திருக்கும். 137 என்று தொடங்கினால் சி.டி.எஸ்., 304 என்றால் ஸ்டாக்போல் கம்பெனி செய்தது. அடுத்து வருவது ஆண்டும் வாரமும். கிட்டார் அதற்கு முன்னால் செய்ததாக இருக்க முடியாது. கன்ட்ரோல் பிற்பாடு மாற்றியதா என்று பார்க்க ஈயப் பற்றைப் பாருங்கள். பழைய பற்று மங்கிப் படிந்திருக்கும், புதியது பளிச்சென்று குமிழாகத் தெரியும்.

அழுக்கு எடுப்பது

துணி விஷயத்தில் கொங்கு நாட்டுக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். திருப்பூர் பனியன் வேஸ்ட் கிலோக் கணக்கில் கிடைக்கும். பிரின்ட் இல்லாத, பாலியஸ்டர் கலக்காத வெள்ளைப் பருத்தியாகப் பொறுக்கிக்கொள்ளுங்கள். தையல் முடிச்சை வெட்டிவிடுங்கள், அது கீறும்.

அந்த முத்துத் தாள் செல்லுலாய்டு. தின்னர், அசிட்டோன், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது, கரைந்துவிடும். இன்னொன்று, இது குப்பென்று தீப்பிடிக்கும் பொருள். ஹேர் டிரையர், ஹீட் கன், பற்றவைத்த சிகரெட் எதையும் அதனருகே கொண்டுபோகாதீர்கள். லேசான சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து, சொட்டாமல் பிழிந்து, சிறுசிறு இடமாகத் துடைத்து உடனே உலர்துணியால் ஒற்றுங்கள். மஞ்சள் போகாது. போக வேண்டியதும் இல்லை, எழுபது வருட வெயிலையும் புகையையும் பார்த்த நிறம் அது. ஓரம் உரிந்திருந்தால் எந்தப் பசையானாலும் கண்ணுக்குப் படாத மூலையில் ஒரு துளி வைத்து ஒருநாள் பார்த்துவிட்டு ஒட்டுங்கள்.

நிக்கல் பூசிய பிரிட்ஜுக்கும் பிக்கப் மூடிக்கும் உலர்ந்த துணியே முக்கால்வாசி வேலையைச் செய்துவிடும். சேலத்தில் கொலுசு கழுவுகிற பூந்திக்கொட்டைத் தண்ணீரையும் முயன்று பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கை மென்மையாக எடுக்கிறது. மூடியைத் தனியாகக் கழற்றி மட்டும் அப்படிக் கழுவுங்கள், பிக்கப் நனையக் கூடாது. புதிதாக முலாம் பூசக் கொடுக்காதீர்கள். பாலிஷ் சக்கரத்தில் எழுத்தும் மூலையும் தேய்ந்து மொண்ணையாகித் திரும்பி வரும். அதேபோல கிப்ஸன் மாதிரி மர உடம்புக்கு மறு பாலிஷ் வேண்டவே வேண்டாம். கீறலோடு இருக்கும் அசலுக்கு இருக்கிற மதிப்பு, பளபளவென்று புது வார்னிஷ் அடித்ததற்குக் கிடையாது.

சாவிகளின் பல்சக்கரத்துக்கு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசினாகிவிடும். பொடிந்துபோன குமிழ்களை மட்டும் மாற்றலாம். பழைய செல்லுலாய்டுக் குமிழ் பொடியத் தொடங்கினால் அதிலிருந்து வரும் ஆவி பக்கத்து இரும்பையும் அரிக்கும்.

மின்சார வேலை

சத்தமே வராத பழைய கிட்டாரைச் சந்தேகிக்க வேண்டிய வரிசை இது: கேபிள், ஜாக், எர்த் ஒயர், வால்யூம் கன்ட்ரோல், கடைசியில்தான் பிக்கப்.

ஜாக்கின் நாக்கு தளர்ந்திருந்தால் விரலால் கொஞ்சம் உள்பக்கம் வளைத்துவிடுங்கள். கன்ட்ரோல் கரகரத்தால் கான்டாக்ட் கிளீனரை உள்ளே பீய்ச்சி முப்பது நாற்பது தடவை திருப்புங்கள். கேட்டுக்கும் பூட்டுக்கும் அடிக்கிற துரு எண்ணெய் ஸ்பிரே இதற்கு ஆகாது. பிரிட்ஜிலிருந்து ஜாக்கின் எர்த்துக்கு ஒரு ஒயர் போக வேண்டும். அது அறுந்திருந்தால் இரைச்சல் அதிகமாக இருக்கும், தந்தியில் கை வைத்தாலும் குறையாது.

டோன் கன்ட்ரோலில் மெழுகு பூசிய பழைய பேப்பர் கண்டன்சர் இருக்கும். 'பழைய கண்டன்சர் கசியும், உடனே மாத்துங்க' என்று ரேடியோ மெக்கானிக் சொல்வார். ரேடியோவுக்கு அது சரி. கிட்டாருக்குள் நேர்மின்சாரம் ஓடுவதில்லை, கொஞ்சம் கசிந்தாலும் கேடு இல்லை. டோன் திருப்பினால் சத்தம் மாறுகிறதா? அப்படியே விடுங்கள்.

இனி பிக்கப். என் கிட்டாரில் மீட்டர் எதுவுமே காட்டவில்லை. கணபதியில் எனக்குத் தெரிந்த ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் மூடியைத் திறந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். "ஏனுங்க, இது ஒயருங்களா, தலைமுடிங்களா?"

தலைமுடிதான். பெரும்பாலான பிக்கப்புகளில் அமெரிக்க அளவில் 42ஆம் நம்பர் ஒயர், 0.063 மி.மீ. தடிமன். ஆயிரக்கணக்கான சுற்றுகள் இருக்கும். இங்கேதான் ஒரு குழி. நம் ரீவைண்டிங் கடைகளில் நம்பர் என்றால் எஸ்.டபிள்யூ.ஜி. என்ற பிரிட்டிஷ் ஒயர் அளவுக் கணக்கு. அங்கே 42 என்று கேட்டால் 0.1 மி.மீ. ஒயரைத் தருவார்கள், பாபினில் பாதிச் சுற்றுகூட அடங்காது. உங்களுக்கு வேண்டியது எஸ்.டபிள்யூ.ஜி. 46. நம்பரைச் சொல்லாமல் மில்லிமீட்டரைச் சொல்லிக் கேளுங்கள்.

ஆனால் முழுசாகச் சுற்றும் முன் ஓரத்தைப் பாருங்கள். இந்த மெல்லிய ஒயர் வெளி ஒயரோடு சேரும் முனையில்தான் பெரும்பாலும் அறும். ஈரமும் பழைய பற்றுப் பசையும் சேர்ந்து அங்கே பச்சை பூத்திருக்கும். கடைக்காரர் வாட்ச் ரிப்பேர்க்காரரின் லென்ஸை வாங்கி வந்து கண்ணில் மாட்டிக்கொண்டு தேடினார். கால் மணி நேரம் பேச்சே இல்லை. பிறகு குண்டூசி முனையால் ஒரு முனையைக் கிளப்பினார். அரைச் சுற்று பிரித்து, நைஸ் எமரித் தாளை மடித்து இரண்டு தடவை மட்டும் இழுத்தார். பழைய எனாமல் சால்டரிங் சூட்டுக்குக் கருகாது, சுரண்டித்தான் ஆக வேண்டும். மூன்றாவது தடவை இழுத்தால் ஒயரே போய்விடும். பற்று வைத்ததும் மீட்டர் 5.8 காட்டியது. உள்முனை அறுந்திருந்தால் இந்த வித்தை பலிக்காது, முழுக்கச் சுற்றுவதே வழி.

அந்த மகிழ்ச்சியில் நான் ஒரு மடத்தனம் செய்தேன். பிக்கப்பைப் பக்கத்து லேத் பட்டறை மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் காந்தத்தைச் சுற்றி இரும்புத் தூள் தாடி வளர்த்திருந்தது. ஊதினால் போகாது, துடைத்தால் இன்னும் உள்ளே போகும். செல்லோ டேப்பை விரலில் திருப்பிச் சுற்றி ஒற்றி ஒற்றி எடுக்க இரண்டு சாயங்காலம் ஆனது. கோவையில் கிட்டார் வேலை செய்கிறவர்கள் பிக்கப்பை எப்போதும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி வையுங்கள். குதிரைலாடக் காந்தம் என்றால் இன்னொரு எச்சரிக்கை: அதன் இரண்டு துண்டுகளையும் கழற்றித் தனித்தனியே போடாதீர்கள், காந்த சக்தி குறையும்.

பழைய வால்வு ஆம்பிளிஃபையர் கூட வந்திருந்தால்

செருகிப் பார்க்காதீர்கள். அமெரிக்க ஆம்ப் 110 வோல்ட் சுற்றுவட்டாரத்துக்குச் செய்தது, நம் வீட்டில் 230. ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். சில சின்ன ஆம்புகளில் உள்ளே மின்சாரத்தைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. பிளக்கைத் திருப்பிச் செருகினால் கிட்டார் தந்தியிலேயே கரண்ட் வரும். மடியில் வைத்து, கையில் இரும்புக் கட்டையோடு வாசிக்கிற கருவி இது, யோசித்துப் பாருங்கள். அணைத்த பிறகும் கண்டன்சரில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். வால்வு ரேடியோ பார்த்த வயதான மெக்கானிக் கிடைத்தால் அவரிடம் கொடுத்து, கண்டன்சரை மாற்றி, மூன்று பின் எர்த் போட்டு வாங்குங்கள். அதுவரை சின்ன புது ஆம்பே போதும்.

இரும்புக் கட்டை

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கத் தேவையில்லை. லேத் பட்டறையில் 304 ஸ்டெயின்லெஸ் ராடில் 19 மி.மீ. விட்டம், 76 மி.மீ. நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையைத் துப்பாக்கிக் குண்டு போல உருட்டச் சொல்லுங்கள். ஏறத்தாழ 170 கிராம் வரும், ஆறு தந்திக்கு நல்ல எடை. பிறகு கிரைண்டர் டிரம்முக்கு பஃபிங் போடுகிற கடையில் கண்ணாடி போலத் தேய்த்து வாங்குங்கள். லேத் கத்தி விட்ட வரி ஒன்று மிச்சமிருந்தாலும் தந்தியில் சர்ரென்று கேட்கும். நகத்தால் வருடிப் பாருங்கள்.

தந்தி, சுருதி

கடையில் கிடைக்கும் சாதாரண எலக்ட்ரிக் கிட்டார் செட் இதற்குத் தொளதொளவென்று இருக்கும். 22.5 அங்குலம் போன்ற குட்டை நீளத்தில், கட்டையின் எடையும் அழுத்த, மெல்லிய தந்தி தொய்ந்து அபஸ்வரம் பேசும். சி சிக்ஸ்த் சுருதிக்கு மெல்லிய தந்தியிலிருந்து தடித்தது வரை 15, 18, 22, 26, 30, 36 என்று உதிரியாக வாங்கிப் போடுங்கள். எண்கள் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு.

தடித்த தந்தியிலிருந்து சி, இ, ஜி, ஏ, சி, இ. நம் கணக்கில் ச க ப த ச க. மோகனத்தில் ரிஷபம் மட்டும் காணோம், அவ்வளவே. சி தந்தியில் இரண்டாவது கோட்டுக்குப் போனால் அதுவும் கிடைத்துவிடும். சி சிக்ஸ்த்தில் வாசித்தே பெயர் வாங்கிய ஜெர்ரி பேர்டையும், அவருக்கு முந்தைய சோல் ஹூபியையும் தேடிக் கேளுங்கள். கட்டை எவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்பதைக் கவனியுங்கள். கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு அது சட்டென்று பிடிபடும்.

கட்டை கோட்டுக்கு நேர் மேலே நிற்க வேண்டும், சாதாரணக் கிட்டாரில் விரல் வைப்பதுபோலப் பின்னால் அல்ல. அழுத்தவும் வேண்டாம், எடையே போதும். கட்டைக்குப் பின்னால் மிச்ச விரல்களைத் தந்திமேல் படுக்கப் போடுங்கள். இல்லாவிட்டால் பின்பக்கத் தந்தியும் சேர்ந்து முனகும். உலோக உடம்புக் கிட்டார் என்றால் சித்திரை வெயிலில் திண்ணையில் வைத்து வாசிக்காதீர்கள். அலுமினியம் விரிந்து, ஒரு பாட்டு முடிவதற்குள் சுருதி நழுவும்.

எல்லாம் முடிந்து தந்தி ஏற்றிய அன்று கிட்டாரைச் சின்ன ஆம்போடு ரீவைண்டிங் கடைக்கே கொண்டுபோனேன். மோகனத்தில் நாலு வரி வாசித்தேன். கடைக்காரர் தலையை ஆட்டவுமில்லை, பாராட்டவுமில்லை. காதைச் சாய்த்து வேறெதையோ கேட்டுக்கொண்டிருந்தார். "ஏனுங்க, உள்ள ஹம்மிங் ஒண்ணு ஓடுதுங்களே. நம்ம டெஸ்டிங் மோட்டாரைக் காயில் புடிக்குதுங்க. கொஞ்சம் கிழக்கால திரும்பி உக்காருங்க." திரும்பி உட்கார்ந்தேன். இரைச்சல் பாதியாகக் குறைந்தது.